தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது சார்!

நம்ம ஊரில் 'ப்ரூஃப்' என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஒரு ஜெராக்ஸ் காப்பி. காஸ் கனெக்ஷனா, அட்ரஸ் ப்ரூஃப். சிம் கார்டா, ஐ.டி. ப்ரூஃப். ஸ்கூல் அட்மிஷனா, ஏஜ் ப்ரூஃப். கவுன்ட்டருக்கு முன்னால் நீங்களே முழு உருவத்தில் நின்றாலும், நீங்கள்தான் நீங்கள் என்பதற்கு ஒரு காப்பி கொடுத்தாக வேண்டும். இப்படி ப்ரூஃப் கொடுத்துக் கொடுத்தே வளர்ந்த நாம், ஒரே ஒரு இடத்தில் மட்டும் எதையும் கேட்காமல் நம்பிவிடுகிறோம். டப்பாவின் மேல் 'வாட்டர்ப்ரூஃப்' என்று அச்சடித்திருந்தால் போதும். ஒரு மாதச் சம்பளத்தில் பாதியை விழுங்கிய காமிராவை அப்படியே தண்ணீருக்குள் முக்குகிறோம்!

ஷோரூம்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கண்ணாடித் தொட்டியில் நாலு கலர் மீன், நடுவில் ஒரு காமிரா. அது பாட்டுக்கு மீனைப் படம் பிடித்து வெளியே டி.வி.யில் காட்டிக்கொண்டிருக்கும். "தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது சார். மீன் மாதிரி!" என்பார் விற்பனைப் பையன். அந்தத் தொட்டியில் மீனை எத்தனை நாளைக்கு ஒரு முறை மாற்றுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. காமிராவை எத்தனை நாளைக்கு ஒரு முறை மாற்றுகிறார்கள் என்றும் கேட்பதில்லை.

இந்த 'முக்கிக்கோ' காம்கோடர்களின் கதை அப்படி ஒன்றும் பழையது இல்லை. 2007-ல் சான்யோ கம்பெனி தன் 'ஸாக்டி' வரிசையில், கைத்துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொள்ளும் குட்டி டிஜிட்டல் காம்கோடரை ஒன்றரை மீட்டர் ஆழம் தாங்கும் என்று சொல்லி விற்றது. 2009-ல் அதே கம்பெனியிலிருந்து 3 மீட்டர் தாங்கும் மாடல் வந்தது. 2010-ல் கோடாக்கின் 'ப்ளேஸ்போர்ட்', அதுவும் 3 மீட்டர். 2014-ல் ஜே.வி.சி. 5 மீட்டர் என்றது. கோப்ரோ முதலில் தனியாக ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் காமிராவைப் பூட்டித்தான் தண்ணீருக்குள் விட்டது. 2015-ல் கூடு இல்லாமலே 10 மீட்டர் என்று வந்துவிட்டது. 2024-ல் டி.ஜே.ஐ.யின் ஒரு மாடல் 20 மீட்டர் என்கிறது. ஆழம் கூடிக்கொண்டே போகிறது. வாரண்டி அட்டையில் உள்ள பொடி எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

பொடி எழுத்து என்ன சொல்கிறது என்பதை நான் 2013-ல்தான் நேரில் தெரிந்துகொண்டேன். அதற்கு முந்தைய ஆகஸ்டில் 11,500 ரூபாய் கொடுத்து ஒரு பாக்கெட் காம்கோடர் வாங்கியிருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம், பாவம். 3 மீட்டர் வரை உத்தரவாதம். மேனுவலில் சொன்னபடி மூடியை 'டிக்' சத்தம் கேட்கும்வரை மூடி, நாலடி ஆழ நீச்சல் குளத்தில், நாலாவது முறையாக இறக்கினேன். லென்ஸுக்கு உள்பக்கம் பனி பிடித்தது. மறுநாள் திரை வெளுத்தது. அதற்கு மறுநாள் சர்வீஸ் சென்டர். டோக்கன் நம்பர் 37.

"சார், உள்ளே தண்ணி போயிருக்கு. வாரண்டில வராது."

"தண்ணி போகாதுன்னு சொல்லித்தானே வித்தீங்க?"

"ஆமா சார், போகாது."

"போயிருக்கே?"

"அதான் சார், வாரண்டி இல்ல."

இந்தத் தர்க்கத்தை முழுசாக ஜீரணிக்க எனக்கு ரெண்டு காபி தேவைப்பட்டது. பேட்டரி இருக்கும் பள்ளத்தில் ஒரு குட்டி ஸ்டிக்கரைக் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டியது சிவப்பாகியிருந்தது. தண்ணீர் பட்டால் நிறம் மாறுகிற காகிதம் அது. அதாவது, தண்ணீரே புகாது என்று விற்கிற பொருளுக்குள், தண்ணீர் புகுந்ததைக் கண்டுபிடிக்க ஃபாக்டரியிலேயே ஒரு ஒற்றனை உட்கார வைத்து அனுப்பியிருக்கிறார்கள்! கல்யாணப் பத்திரிகையின் அடியில் விவாகரத்து வக்கீலின் போன் நம்பரை அச்சடித்த மாதிரி.

நான் பி.காம். படித்தவன். விஞ்ஞானம் எனக்குப் பிளஸ் டூவுக்கு முன்பே டாட்டா காட்டிவிட்டது. ஆனாலும் பணம் போனால் ஒரு காமர்ஸ்காரனுக்கு வருகிற ஆராய்ச்சி உத்வேகம் எந்த விஞ்ஞானிக்கும் வராது. அன்றிலிருந்து இந்த ரகக் காமிரா வைத்திருப்பவர் யாரைப் பார்த்தாலும், "எத்தனை நாள் உழைச்சுது, எப்படிப் போச்சு?" என்று துக்கம் விசாரிப்பது வழக்கமாகிவிட்டது. அப்படிச் சேர்ந்த கணக்கில் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் கணக்கு, ஆடிட்டர் ஆபீஸில் இருக்கும் என் கல்லூரி நண்பனுடையது. 2014 ஜூலை, குற்றாலம், நல்ல சீஸன். மெயின் அருவிக்கு அடியில் காமிராவைப் பிடித்தான். "மூணு மீட்டர் ஆழத்தையே தாங்குதுன்னா, தலையில கொட்டுற தண்ணி எம்மாத்திரம்டா?" என்பது அவன் வாதம். கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் தண்ணீருக்கு இரண்டு விதமான முகம் உண்டு. சும்மா நிற்கிற தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே சீராக அமுக்கும். பாய்கிற தண்ணீர் ஒரே இடத்தில் குத்தும்.

டப்பாவில் 'ஐ.பி.' என்று போட்டு ரெண்டு எண் போட்டிருக்கிறார்களே, அது 60529 என்ற சர்வதேசத் தரத்தில் வருகிற மார்க். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தூசிக்கு மார்க் சொல்லாவிட்டால் அந்த இடத்தில் 'எக்ஸ்'. தண்ணீர் மார்க் 5 என்றால், 6.3 மில்லிமீட்டர் குழாய் வாயிலிருந்து நிமிஷத்துக்குப் பன்னிரண்டரை லிட்டர் பீய்ச்சியடித்தும் தாங்கியது என்று பொருள். 6 என்றால் நிமிஷத்துக்கு 100 லிட்டர். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம் முங்கிக் கிடந்து பாஸானது. 8 என்றால் அதற்கு மேல். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைக் கம்பெனியே சொல்ல வேண்டும்.

இங்கேதான் சூட்சுமம். 8 வாங்கியவன் 5-லும் பாஸ் என்று அர்த்தம் இல்லை! இது எட்டாம் கிளாஸ் பையன் அஞ்சாம் கிளாஸ் தாண்டித்தான் வந்திருப்பான் என்கிற கணக்கு இல்லை. அக்கவுன்டன்ஸியில் சென்டம் வாங்கினவன் இங்கிலீஷில் கோட்டை விடுவதில்லையா, அந்த மாதிரி. இரண்டும் தனித்தனிப் பரீட்சை. சில கம்பெனிகள் இரண்டையும் எழுதி, இரண்டு எண்ணையும் சேர்த்தே போடுவார்கள். நண்பனின் காமிராவில் ஒரே எண்தான் இருந்தது. குற்றாலத்து அருவி மார்க் ஷீட்டைப் பார்க்கவில்லை. பேட்டரி மூடியை நேராகப் போய்க் குத்தியது. முக்கால் நிமிஷத்தில் காமிரா கண்ணை மூடியது.

இரண்டாவது கணக்கு, வங்கியில் வேலை பார்க்கும் ஒரு நண்பருடையது. ஹனிமூன் அந்தமானில். குளத்துத் தண்ணீரில் ஒரு வருஷம் ஜாம் ஜாமென்று ஓடிய காமிரா, கடலில் மூன்றே நாளில் படுத்துவிட்டது. அந்த ஐ.பி. பரீட்சையெல்லாம் புத்தம் புதுக் காமிராவை வைத்து நல்ல தண்ணீரில் நடத்துவது. உப்புத் தண்ணீர் சிலபஸிலேயே கிடையாது. கடல் நீர் காய்ந்தால் தண்ணீர் போய்விடும், உப்பு போகாது. ரப்பர் வளையத்தின் மேல் பொடிக் கல்லாக உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை மூடியை அமுக்கும்போது அந்தக் கல் அளவுக்கு ஒரு வாசல் திறந்திருக்கும். சார்ஜ் போடுகிற துவாரத்தில் ஈரம் இருக்கும்போதே சார்ஜரைச் சொருகினால் கதை இன்னும் சீக்கிரம் முடியும். உப்பும் ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் உலோகம் பச்சை பிடித்து அரித்துப் போகும்.

நண்பரின் மனைவி காமிராவை மூன்று நாள் பொன்னி அரிசி டப்பாவில் புதைத்து வைத்தார். அரிசி நமத்தது, காமிரா எழுந்திருக்கவில்லை. அரிசி வைத்தியம் வேண்டாம், அதன் பொடித்துகள் உள்ளே போய் இன்னும் கெடுக்கும் என்று ஆப்பிள் கம்பெனியே 2024-ல் தன் ஐபோன்காரர்களுக்குச் சொல்லிவிட்டது. அரிசியை ஊறப்போட்டால் இட்லிக்காவது ஆகும்.

மூன்றாவதுதான் அதிசயம். புதுச்சேரியில் கடலுக்குள் முங்கக் கற்றுத்தரும் அண்ணன் ஒருவர். அவருடைய காமிராவுக்கு எட்டு வயது. வாரத்துக்கு நாலு நாள் உப்புத் தண்ணீர்தான். "எப்படிண்ணே?" என்றேன்.

"வீட்ல குக்கர் இருக்கா தம்பி?"

"இருக்கு."

"அதுல கேஸ்கெட்டு எத்தனை நாளைக்கு ஒருக்கா மாத்துறீங்க?"

"லூஸாச்சுன்னா, ஒரு வருஷம்..."

"இதுலயும் அதே கேஸ்கெட்டுதான். கொஞ்சம் சின்னது. அவ்வளவுதான் விஷயம்."

எத்தனையோ பக்க மேனுவல் சொல்லாததை மனிதர் ஒரு குக்கரில் சொல்லிவிட்டார். வாட்டர்ப்ரூஃப் காமிரா என்று தனியாக ஒரு ஜாதி கிடையாது. சாதாரணக் காமிராவைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் வளையம், அவ்வளவுதான். அந்த வளையம் வெயிலில் காயும், வயசாகி இறுகும், கீறல் விழும். நடுவில் ஒரு மணல், ஒரு தலைமுடி போதும். குக்கர் கேஸ்கெட் தளர்ந்தால் விசில் வராமல் புஸ்ஸென்று ஆவி வந்து எச்சரிக்கும். காமிராக் கேஸ்கெட் எச்சரிக்காது. நேராகத் தீர்ப்புதான்.

ஆழத்தின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 10 மீட்டர் ஆழத்தில், மேலே இருக்கும் காற்றின் அழுத்தம் போக, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ கூடுதலாக அமுக்கும். நாலுக்கு மூன்று சென்டிமீட்டர் மூடி என்றால் 12 கிலோ. ஒரு ரெண்டு வயசுக் குழந்தையை மூடி மேல் உட்கார வைத்த மாதிரி. அது சும்மா உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை. காமிராவோடு 'தொபுக்'கென்று குதித்தால், குழந்தை எகிறிக் குதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் சொன்ன இன்னொரு சங்கதி எனக்குப் புதிது. காமிராவைப் படகில் சுடுகிற வெயிலில் போட்டுவிட்டு அப்படியே தண்ணீரில் இறக்கக் கூடாதாம். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று 50 டிகிரியில் இருந்து 27-க்குக் குளிரும்போது, அதன் அழுத்தம் சுமார் 7 சதவிகிதம் குறையும். காமிரா வெளியே இருப்பதை உறிஞ்சப் பார்க்கும். வெளியே இருப்பது தண்ணீர். அதுமட்டுமில்லை, மூடியை ஈரக்காற்றில் திறந்து மூடினால் அந்த ஈரம் உள்ளேயே தங்கி, குளிர்ந்ததும் லென்ஸின் உள்பக்கம் பனியாகப் படியும். ஒரு சொட்டு ஒழுகாமலே படம் கெட்டுப் போகும்.

ஆகவே அண்ணன் மூடியைத் திறப்பது வீட்டில், ஃபேனுக்குக் கீழே, காய்ந்த கையோடு. கடற்கரையில் பிரதமரே கேட்டாலும் திறக்க மாட்டாராம். கடலை விட்டு வந்ததும் அரை மணி நேரம் நல்ல தண்ணீர் பக்கெட்டில் ஊறல். பிறகு துடைத்து, நிழலில் காயவைத்து, வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துத் தலைமுடி தேடுவார். அதற்குக் கிரீஸ் தடவுவது கம்பெனி சொல்லியிருந்தால் மட்டும்; எல்லா ரப்பருக்கும் எல்லாக் கிரீஸும் ஒத்துக்கொள்ளாது. வருஷத்துக்கு ஒரு முறை வளையத்தையோ மூடியையோ மாற்றிவிடுவார். புதிதாக மாற்றியதும் காமிராவை இறக்கும் முன், பேட்டரியும் கார்டும் போடாமல் ஒரு டிஷ்யூ பேப்பரை உள்ளே வைத்து மூடி, பக்கெட்டில் அமுக்கிப் பார்ப்பார். டிஷ்யூ காய்ந்திருந்தால்தான் கடல்.

"இவ்வளவும் பண்ணா ஒண்ணும் ஆகாதாண்ணே?"

"ஆகும் தம்பி. என்னிக்கோ ஒரு நாள் ஆகும். அதனாலதான் தினமும் ராத்திரி படத்தை வேற இடத்துல ஏத்திட்டுத்தான் படுப்பேன்."

இதைத்தான் காமர்ஸில் வாராக்கடன் ஒதுக்கீடு என்று சொல்லிக்கொடுத்தார்கள். கடன் வாங்கினவன் நல்லவன்தான். ஆனாலும் பணம் திரும்பி வராது என்று ஒரு தொகையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள். வந்தால் லாபம்.

என் 11,500 என்ன ஆச்சு என்று கேட்கிறீர்களா? சர்வீஸ் சென்டரில் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. வீட்டுக்கு வந்து, பில் காப்பி, டப்பாவின் மேல் இருந்த நீச்சல் படம், மேனுவலில் '3 மீட்டர்' என்ற பக்கம், சிவப்பு ஸ்டிக்கரின் போட்டோ எல்லாவற்றையும் இணைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டு ரிஜிஸ்டர் தபால் அனுப்பினேன்: 'நீங்கள் சொன்ன ஆழத்துக்குள், நீங்கள் சொன்ன விதத்தில் பயன்படுத்தியும் தண்ணீர் போனால், குறை பொருளிலா, தண்ணீரிலா?' பதினெட்டாம் நாள் போன் வந்தது. "ஸ்பெஷல் கேஸா எடுத்துக்கறோம் சார்." புதுக் காமிரா வந்தது. அதைத் தண்ணீரில் இறக்க மனசே வரவில்லை. மூன்று கல்யாணமும் ஒரு காதுகுத்தும் எடுத்தேன்.

இது என் தனிப்பட்ட பொருமல் என்று நினைக்காதீர்கள். 2020 நவம்பரில் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. எந்த நிலைமையில் தண்ணீரைத் தாங்கும் என்று விளக்காமல் விளம்பரம் செய்ததும், திரவத்தால் கெட்டால் வாரண்டி இல்லை என்று கையை விரித்ததும்தான் குற்றம். 2022-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம், போனைக் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்ற தோரணையில் விளம்பரம் செய்த சாம்சங்கின் அங்குள்ள நிறுவனத்துக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் தீட்டியது. நம்ம ஊரிலும் வழி இருக்கிறது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போட இடமுண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. முதலில் விவரம் கேட்க 1915-க்கு ஒரு போன். எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். டப்பாவைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள்.

அந்தப் பாக்கெட் காம்கோடர்கள் இப்போது கிட்டத்தட்ட மறைந்துவிட்டன. 2012 பிப்ரவரியிலேயே கோடாக், டிஜிட்டல் காமிராவும் பாக்கெட் வீடியோ காமிராவும் இனி செய்வதில்லை என்று அறிவித்துவிட்டது. இன்று அந்த வேலையை ஆக்‌ஷன் காமிராவும் உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனும் செய்கின்றன. வளையம் மட்டும் அதே வளையம்.

சரி, காமிரா போகட்டும். உள்ளே இருந்தது?

அந்தமான் நண்பரின் காமிராவில் படம் எல்லாம் உள் மெமரியிலேயே பதிவாகியிருந்தது. கார்டு போடவில்லை. போர்டு அரித்துப் போனதும் ஹனிமூனும் போயிற்று. மீட்டுத் தருகிறோம் என்றவர்கள் கேட்ட தொகைக்கு இன்னொரு முறை அந்தமான் போய் வரலாம். "போலாமே" என்று அவர் மனைவி இன்று வரை ஞாபகப்படுத்துகிறார். நண்பர் லீவு இல்லை என்கிறார்.

குற்றாலத்து நண்பன் காமிராவிலிருந்து கார்டை உருவி, துடைத்து, இரண்டு நாள் காயவைத்து, ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொருகினான். திறந்தது. கடைசிப் பதிவு 43 வினாடி. அருவிக்கு அடியில் அவன் அப்பா. ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். வீட்டில் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர், தலையில் தண்ணீர் கொட்டக் கொட்ட வாய் திறந்து ஏதோ கத்துகிறார், சிரிக்கிறார். இரைச்சலில் என்ன சொல்கிறார் என்று கேட்காது. பிறகு ஒரு பச்சைக் கோடு, அத்துடன் சரி.

அப்பா 2018-ல் தவறிப் போனார்.

"மாப்ளே, காமிரா போனா போகுதுடா, எட்டாயிரம். எங்கப்பா சிரிச்சு எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். மத்த எல்லா போட்டோவுலயும் பாஸ்போர்ட் சைஸ் மூஞ்சி" என்றான் போன மாதம். அந்த 43 வினாடியை ஆபீஸ் கம்ப்யூட்டரில், வீட்டு ஹார்ட் டிஸ்கில், தங்கையின் போனில், சித்தப்பா பெண்ணின் ஈ-மெயிலில் என்று ஐந்து இடத்தில் வைத்திருக்கிறான். ஆடிட்டர் ஆபீஸ்காரன் அல்லவா? காமிராவுக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதிக் கடைசியில் ஜீரோவுக்குக் கொண்டுவந்துவிட்டான். இதற்கு எழுத அவனுக்கு காலம் கிடையாது.

ஆகையால் மகாஜனங்களே, அருவிக்கோ கடலுக்கோ தாராளமாகப் போங்கள், தாராளமாகப் படம் எடுங்கள். அன்றைக்கு ராத்திரி லாட்ஜுக்குத் திரும்பியதும், தலை துவட்டும் முன் ஒரு காப்பி எடுத்து வைத்துவிடுங்கள்.

ப்ரூஃப் என்றால் ஜெராக்ஸ்தான் என்று நம்ம கவுன்ட்டர்காரர்கள் அன்றைக்கே சொன்னார்களே!